மார்ச் வெள்ளத்தில் டயாலிசிஸ்: எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விஷயங்கள்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் பக்கத்தில் தைப்பூசம் முடிந்தால் மழைக்காலம் முடிந்த மாதிரிதான். டிசம்பரில் கட்டில் காலுக்குக் கீழே வைத்த செங்கற்களை எடுத்துவிடுவோம். மேலே ஏற்றிய அரிசி மூட்டை கீழே இறங்கிவிடும். மிச்சமிருக்கிற ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், பால் குறைந்துவிடும், வெயில் மண்டையைப் பிளக்கும். 2023இல் தைப்பூசம் பிப்ரவரி 5ஆம் தேதி. மார்ச் முதல் தேதி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் என்று வானிலைத் துறை வருஷா வருஷம் சொல்கிறது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் தைப்பூசக் கணக்குதான். அந்த வாரம் ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் இருந்தார்கள். எங்கள் சிகாமட் மாவட்டம் மோசமாக அடிபட்டது.

தண்ணீர் எங்களுக்குப் புதிதல்ல. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த நிலையில் தண்ணீர் வந்ததுதான் புதிது. செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நான்கு மணி நேரம். லோரி ஓட்டிய மனுஷன். பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்ததால் டயாலிசிஸ் செலவு பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. அதனால் பணக்கவலை அதிகம் இல்லாமல் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. மகன் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்னும் மூன்று பேரைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் நால்வரும் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறி, நாங்கள் இருந்த லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடித்த பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். ஒருத்தி எடின்பரோவில் முதியோர் இல்லத்தில் தாதி, ஒருத்தி கனடாவில் வின்னிபெக், ஒருத்தி ஜே.பி. (ஜொகூர் பாரு). நான் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. 'நாலாம் நம்பர் லயம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். நவம்பர் வந்தால் அதில் இரண்டு பேருக்குக் குளிர்காலம், இரண்டு பேருக்கு மழைக்காலம். எடின்பரோக்காரி டிசம்பரில் மத்தியானம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது என்று ஜன்னலைப் படம் பிடித்துப் போடுவாள். அந்த வருஷம் அங்கே மின்சாரம், கேஸ் கட்டணம் எகிறியிருந்ததால் ஒரே ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு இரண்டு காலுறை போட்டு உட்கார்ந்திருப்பாள். வின்னிபெக்காரி ராத்திரி காரின் எஞ்சினுக்கு மின்சார வயர் சொருகிவிட்டுப் படுப்பாள். இல்லாவிட்டால் காலையில் கார் கிளம்பாதாம். நான் காயாத துணியைப் படம் எடுத்துப் போடுவேன். ஜே.பி.காரி சாலை நெரிசலைப் பற்றிப் புலம்புவாள். இப்படித்தான் போகும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில நாள் அந்தப் பனிப் படங்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும். நான் விடிகாலையில் எழுந்து சமைத்து, அவரைக் கூட்டிக்கொண்டு சிகாமட் போய், அங்கே பெஞ்சில் காத்திருந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், இவள் கதவுக்கு வெளியே குவிந்த பனியைக் காட்டிச் சிரிப்பாள். பதில் போடாமல் வைத்துவிடுவேன். வின்னிபெக்காரிக்கும் அங்கே ஆள் துணை இல்லை, அந்தப் படங்கள்தான் அவள் வாய்விட்டுப் பேசுகிற பேச்சு என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

புதன்கிழமை விடாமல் மழை. இரவில் தண்ணீர் வாசலைத் தாண்டியது. போம்பா (தீயணைப்பு மீட்புப் படை) ஆட்கள் லோரியில் ஏற்றி, நிவாரண மையமாக மாற்றியிருந்த ஒரு பள்ளி மண்டபத்தில் எங்களை இறக்கினார்கள். எடுத்துவர முடிந்தது ஒரு துணிப்பை, மருந்துப்பை, போன், பவர்பேங்க். ஃபிரிட்ஜில் இருந்த ஊசி மருந்துகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசி அது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். கரண்டு போனதும் அத்தனையும் வீண். மழைக்காலத்தில் டயாலிசிஸ் நோயாளி உள்ள வீட்டில் கையில் தூக்கிப்போகிற ஒரு சின்ன ஐஸ் பெட்டியும், ஃபிரீசரில் உறைய வைத்த ஐஸ் பையும் எப்போதும் தயாராக இருக்கவேண்டும். ஊசி மருந்து உறைந்த ஐஸை நேராகத் தொடக்கூடாது, நடுவே ஒரு துண்டைச் சுற்றுங்கள். எந்த மிசியும் (நர்ஸ்) இதை எங்களுக்குச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத் தெரிந்தால்தானே கேட்பதற்கு.

வியாழன் காலை சிகாமட் சாலை மூடியாகிவிட்டது. நாங்கள் போகும் மையத்திலும் தண்ணீர், மெஷின் ஓடவில்லை, போனும் எடுக்கவில்லை. இன்னொரு ஊரில் ஒரு தனியார் மையத்தைப் பிடித்தேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினார். ஆனால் கேட்டது மூன்று தாள்கள்: மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் சமீபத்திய ரத்தப் பரிசோதனை, கடைசி மாத ரத்த அறிக்கை, டயாலிசிஸ் எப்படிச் செய்யவேண்டும் என்று டாக்டர் எழுதிய குறிப்பு. மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் வைத்திருப்பதால் இந்த முடிவைப் பார்க்காமல் எந்த மையமும் வெளி ஆளைப் படுக்க வைக்காது. அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் கோப்பு இருந்தது தண்ணீரில் நின்ற கட்டடத்துக்குள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் டயாலிசிஸ் போகிறவர் யாராவது வீட்டில் இருந்தால், அடுத்த தடவை போகும்போதே அந்தத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'டிரை வெயிட்' (தேங்கிய தண்ணீர் இல்லாதபோது உள்ள எடை) எவ்வளவு, எந்த அளவு ஃபில்டர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் எவ்வளவு, ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) எந்தக் கையில், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். அதைப் போனில் படம் எடுத்து, நோயாளியின் போனிலும் உங்கள் போனிலும் வெளியூரில் இருக்கும் ஓர் ஆளிடமும் வையுங்கள். வெளியூர் ஆள்தான் முக்கியம். உங்கள் போன் தண்ணீரில் விழுந்தால் அவர் கையில் இருப்பதுதான் மிஞ்சும்.

மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் குறை சொல்லமுடியாது. சோறு, சார்டின், உப்புமுட்டை, பாக்கெட் மீ (நூடுல்ஸ்), வாழைப்பழம், யாரோ கொண்டுவந்து கொடுத்த இளநீர். பசியோடு வந்தவர்களுக்கு அது விருந்து. டயாலிசிஸ் தவறியவருக்கு அதில் முக்கால்வாசி விஷம். உப்பு ஏறினால் தாகம் எடுக்கும். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பில் தேங்கி நுரையீரலுக்கு வந்துவிடும். வாழைப்பழம், இளநீர், டுரியான், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிப்போகும். பிளிம்பிங் பழத்தை (நட்சத்திரப் பழம்) தொடவே கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளை நரம்பைத் தாக்கும். மண்டபத்தில் இருந்த அக்காக்கள் பாசமாக "குடிங்க அண்ணே, உடம்புக்கு நல்லது" என்று இளநீரை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல அவர் கூச்சப்பட்டார். நான்தான் பொல்லாதவளாகிப் பிடுங்கி வைத்தேன்.

அன்று ராத்திரிதான் குழுவில் நிலைமையை எழுதினேன். அதற்கு முன் சொந்தக்காரர்கள் குழு ஒன்றில் சொல்லியிருந்தேன். அங்கே வந்தவை கும்பிடும் கைகள், பழைய வெள்ளத்தின் வீடியோக்கள், "தைரியமா இருங்க". ஆளுக்கு ஆள் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து பதில் சொன்னதில் பேட்டரி பாதி காலி. கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலையையும் நம் தலையில்தான் கட்டுகிறார்கள்.

லயம் குழுவில் நடந்தது வேறு. ஜே.பி.காரி, "இனி யார் கேட்டாலும் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கிறேன்" என்றாள். என் மகனுக்கும் என் நாத்தனாருக்கும் அவளே தகவல் சொன்னாள். விடிந்ததும் மாவட்ட அலுவலகம், மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவு, போம்பா என்று எல்லா இடத்துக்கும் அவளே அடித்தாள். மண்டபத்திலிருந்து எனக்குப் போன் லைனே கிடைக்கவில்லை. எங்கள் ஊருக்கு ராத்திரி இரண்டு மணி என்றால் எடின்பரோவில் முந்தின சாயங்காலம் ஆறு, வின்னிபெக்கில் முந்தின மத்தியானம் பன்னிரண்டு. ஆக ராத்திரிக் காவல் அந்த இரண்டு பேருக்கும், பகல் ஜே.பி.காரிக்கும் என்று ஆனது. அப்படித் திட்டம் போட்டது யாருமில்லை, தானாக அமைந்தது. இன்று ஒரு குழு அமைக்கச் சொன்னால் நேர வித்தியாசத்தைப் பார்த்துத்தான் ஆள் சேர்ப்பேன். நமக்கு நடுராத்திரி ஆகும்போது விழித்திருக்கிற ஒருத்தராவது அதில் இருக்கவேண்டும்.

எடின்பரோக்காரி வேலையை முடித்து பஸ்ஸில் போய்க்கொண்டே எழுதினாள். ஆறுதல் ஒரு வரி கிடையாது. "மல்லாந்து படுக்கும்போது மூச்சு வாங்குதா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு." "கால்ல விரல் வச்சு அழுத்து, குழி விழுந்து அப்படியே நிக்குதா?" "கைகால் தளர்ந்த மாதிரி இருக்குன்னு சொல்றாரா? நெஞ்சு படபடப்பு?" ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதே கேள்விகள். "நான் டாக்டர் இல்ல. ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலும் காத்திருக்காதே, 999 அடி, அங்க இருக்கிற அதிகாரி கையைப் பிடிச்சு இழு" என்றாள். பாட்டில் மூடியில் அளந்து தண்ணீர் கொடுக்கவும், வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பவும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஃபிஸ்துலா இருக்கும் கையில் வெள்ளத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றச் சொன்னாள். அந்தக் கையில் யாரும் பிரஷர் பார்க்கக்கூடாது, ஊசி போடக்கூடாது, சாமான் தூக்கக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிச் சட்டையில் குத்தி வைத்தோம்.

வின்னிபெக்காரி நோயைப் பற்றிப் பேசவே இல்லை. மத்தியான இடைவேளையில் கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டே குரல் பதிவு அனுப்பினாள். பேச்சுக்கு நடுவே அவள் பூட்ஸ் பனியில் மிதிபடும் சத்தம், பொரியைக் கையில் அள்ளி நசுக்குகிற மாதிரி. வீட்டுக்குப் போனதும் தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரன் பனியைத் தள்ளித் தள்ளி இவள் வாசலில் போட்டுவிட்டதால் நடந்த சண்டையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவர் தூக்கம் வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் நான், ஒரு காதில் அவர் என்று இயர்போனைப் பகிர்ந்து கேட்டோம். "அந்த ஊர்ல போய்த் தோசை சுடணும்னு இவளுக்கு என்ன தலையெழுத்து" என்று சிரித்தார். ஜனவரியில் எனக்கு எரிச்சல் மூட்டிய அதே பேச்சுதான். அன்று ராத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

போனைப் பற்றி இரண்டு விஷயம். சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது அழைப்பு போகாது, எழுத்து போய்விடும். அதனால் தேவையை எழுத்திலேயே அனுப்புங்கள்: பெயர், வயது, எந்த மண்டபம், என்ன நோய், கடைசி டயாலிசிஸ் எந்தக் கிழமை, எத்தனை பேர். அந்த ஒரே செய்தியை ஜே.பி.காரி அப்படியே எல்லா அதிகாரிகளுக்கும் தட்டிவிட்டாள். இன்னொன்று, படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள். சொந்தக்காரர்கள் அனுப்பிய வீடியோக்களே என் டேட்டாவைத் தின்றன. ஜே.பி.காரிதான் டாப்-அப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குப் படுத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. மண்டபத்து அதிகாரியிடம் ஓடினேன். ஜே.பி.காரி காலையிலேயே பேசி வைத்திருந்ததால் என் வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருந்தது. போம்பா படகு, அப்புறம் ராணுவ லோரி, அப்புறம் ஆம்புலன்ஸ். மருத்துவமனையில் பொட்டாசியம் 6.8 என்றார்கள். 5க்குள் இருக்கவேண்டியது. உடம்பில் நாலு கிலோ தண்ணீர். இரவே மெஷினில் போட்டார்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே டயாலிசிஸ் நோயாளிகள் தங்கள் பெயரை மாவட்ட அலுவலகத்திலோ பெங்குளுவிடமோ (ஊர்த் தலைவர்) கொடுத்து வைக்கலாம் என்று அங்கேதான் ஒரு மிசி சொன்னார். முன்பே கொடுத்திருந்தவர்களைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே மருத்துவமனைக்கு அருகில் கொண்டுவந்து தங்கவைத்தார்களாம். இது எங்கள் காதுக்கு வரவே இல்லை. நவம்பர் பிறந்ததும் போய்ப் பெயரைக் கொடுங்கள். நீர்ப்பாசன வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் உங்கள் ஆற்றின் மட்டத்தையும் பாருங்கள். 'வாஸ்பாடா' (விழிப்பு நிலை) என்று காட்டும்போதே டயாலிசிஸ் மையத்துக்குப் போன் அடித்து, ஒருநாள் முன்கூட்டியே செய்யமுடியுமா என்று கேட்கலாம். 'பஹாயா' (ஆபத்து நிலை) வரைக்கும் காத்திருந்தால் சாலை இருக்காது.

எங்கள் மையம் சரியாகும்வரை குளுவாங்கில் ஜே.பி.காரியின் அண்ணி வீட்டில் தங்கி ஒரு தனியார் மையத்தில் செய்தோம். ஒரு தடவைக்கு 230 வெள்ளி (ரிங்கிட்), கையிலிருந்து. அவசரத்தில் வேறு மையத்தில் செய்தால் பெர்கேசோவில் என்ன தாள் கேட்பார்கள் என்பதை நல்லா இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். நாங்கள் பிற்பாடு அலைந்த அலைச்சல் போதும். ஃபிரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின், மெத்தை, கார் வாடகை, ஊசி மருந்து எல்லாம் சேர்த்து ஆறாயிரம் வெள்ளியை நெருங்கியது. அரசாங்கத்தின் பந்துவான் வாங் இஹ்சான் என்ற வெள்ள உதவித்தொகை குடும்பத்துக்கு 1,000 வெள்ளி கிடைத்தது. மண்டபத்தில் பெயர் பதிவாகியிருந்ததால் சுலபமாக வந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்காகப் பெங்குளுவைத் தேடி அலைந்தார்கள். எங்கே தங்கினாலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். சேறு காய்வதற்குள் வீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். கழுவும்போது கையுறை, பூட்ஸ் கட்டாயம், எலிக் காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

மூன்று தோழிகளும் பணம் போட்டார்கள். "வேணுமா?" என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஜே.பி.காரி, "மையத்துக்கு எத்தனை தடவை கட்டணும், கணக்கைச் சொல்லு" என்றாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அவளுக்கு அனுப்ப, அவள் எனக்கு டுயிட்நவ்வில் (வங்கிக் கணக்குக்குப் போன் வழியே பணம் அனுப்பும் வசதி) அனுப்பிவிட்டாள். வாங்கும்போது கூசியது, பொய் சொல்லவில்லை. ஒரு நோட்டில் யார் எவ்வளவு என்று எழுதிவைத்து, குழுவில் படம் எடுத்துப் போட்டுவிட்டேன். வின்னிபெக்காரி திட்டினாள். ஆனாலும் மாசாமாசம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறேன். அப்படிக் கொடுப்பதால்தான் மறுபடி ஏதாவது ஆனால் கேட்க வாய் வரும்.

இப்போது அவருடைய தாள்கள் மூன்று பேர் போனிலும் இருக்கின்றன. மார்ச் முடியும்வரை செங்கல்லை எடுப்பதில்லை. நவம்பர் வந்தால் வின்னிபெக்காரிக்குத்தான் ஆள் தேவை. வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு, வாசலில் பனி, வீட்டில் யாரும் இல்லை, மனசு கீழே போய்விடும் என்று போன வருஷம்தான் வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கு மாலை ஐந்தரை என்றால் எனக்கு விடிந்து காலை ஏழரை. டயாலிசிஸுக்குக் கிளம்பும் நாளில் மட்டும் ஜே.பி.காரி பேசுவாள், மற்ற நாள் நான். அவள் பனி தள்ளி முடிக்கும்வரை போன் காதிலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் பனியை இவள் வாசலில்தான் தள்ளுகிறானாம்.